நலமானவர்கள் என்று நான் எழுதியவர்கள்

நலமில்லாதவர்களை நலமானவர்கள் என்று எழுதினேன். தெரிந்தேதான் எழுதினேன்!

நான் உளவியல் ஆய்வாளர். மனிதர் தம்மை விட்டே விலகிப்போய், தம் உடம்பையும் உறவையும் யாருடையவோ போலப் பார்க்கும் நிலை ஒன்று உண்டு. அதை அளக்க ஒரு வினாத்தாள் உருவாக்கினேன். அது சரியாக அளக்கிறதா என்று பார்க்க, நோயாளிகளோடு ஒப்பிட நலமானவர்களும் வேண்டும். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை அனுமதி தந்தது. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்தேன். சுலபமாகக் கிடைத்தார்கள், அவ்வளவுதான் காரணம்.

மதிப்பெண்களைக் கூட்டினால்... நோயாளிகளை எட்டிப் பிடித்திருந்தார்கள்!

“ஒழுங்கா வேலைக்கு வர்றாங்க இல்ல? அப்புறம் என்னம்மா நோய்? மதிப்பெண் கோட்டைக் கொஞ்சம் மேல ஏத்தும்மா” என்றார் என் நெறியாளர்.

வேலைக்கு வந்துவிட்டால் நலமா? எந்த ஊர் நியாயம் இது! கேட்டேனா? தலையாட்டினேன். இதற்கு மேல்தான் நோய் என்று சொல்லும் கோட்டை, அவர்கள் தலைக்கு மேலே தூக்கி வைத்தேன். முனைவர் பட்டமும் வந்தது.

பிறகு தேவகி வந்தாள். அன்று அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவள். நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குத் தானாகவே தேடி வந்தாள்.

“பாப்பா அம்மான்னு கூப்ட்டா, வேற யாரையோ கூப்புடுதுன்னு சும்மா குந்திக்கினு கீறேன் மேடம். பயமா கீது. நைட் ஷிப்ட் வேணான்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, போதும்.”

அதே தாளை நீட்டினேன். கோட்டுக்குக் கீழே நின்றாள். நிற்காமல்? அவளையும் அவள் தோழிகளையும் வைத்துப் போட்ட கோடல்லவா!

“உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றேன். சீட்டு எழுதவில்லை.

“அப்போ எல்லாருக்கும் இப்டித்தானா மேடம்?”

நான் அடுத்தவரை அழைத்தேன்.

கோட்டை அன்றே மாற்றியிருக்கலாமே என்பீர்கள். மாற்றினால் என் ஆய்வு பொய்யாகும். பட்டம், பதவி... எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. இன்றும் அந்தத் தாளால்தான் அளக்கிறார்கள். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது! நெறியாளர் மேல், என் மேல்... உங்கள் மேலும்தான். வேலைக்கு வருகிறவர்களை நீங்கள் மட்டும் ஒரு நாளாவது நலம் விசாரித்தீர்களா?

போன மாதம் புதுவாயல் நிறுத்தத்தில் தேவகியைப் பார்த்தேன். கம்பெனி பேருந்திலிருந்து இறங்கி நின்றிருந்தாள். அழைத்துப்போக வந்திருந்த சிறுமி, “அம்மா... அம்மா...” என்று துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். தேவகி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் எனக்குத் தெரியும். நான் கூப்பிடவில்லை.