பிறீசர் அறைக்குள் ஒரு வெள்ளைப் பெட்டி

மல்கிரேவில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில், ஆள் உள்ளே போய் நிற்கக்கூடிய பிறீசர் அறை ஒன்று இருக்கிறது. மீன் பெட்டிகளை அதற்குள் அடுக்குவதும் எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. போன குளிர்காலத்தில் ஒரு பெட்டிப் பாரை மீன் இளகி, மறுபடியும் உறைந்துபோயிருந்தது. வாங்கிய பெண்மணி நாறுகிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார். முதலாளி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லதாக இருந்திருக்கும். சில நாட்கள் கழித்துத் தீப்பெட்டியளவு வெள்ளைப் பெட்டி ஒன்றோடு வந்தார்.

"உள்ளுக்கு எவ்வளவு குளிர் எண்டு இது என்ரை ஃபோனுக்குச் சொல்லும். இனி ஆரும் கதவைத் திறந்துபோட்டு நிண்டால் வீட்டிலை இருந்தே பாப்பன்."

ஆரும் என்றால் நான்தான். அந்த அறைக்குள் வேறு யாரும் போவதில்லை.

கதவுக்கு அரிசி மூட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு நான் உள்ளே பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வாசலில் நின்று ஃபோனைத் தட்டினார். கடை வைஃபைக்கு இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்றின் கடைசியில் ஐந்து என்று இருந்தது. ஐந்துதான் திறமாக இருக்கும் என்று அதையே பிடித்துக்கொண்டார். பெட்டி சிவப்பாக மினுக்கியபடியே இருந்தது. பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்தார். அடிக்கும்போதெல்லாம் ஃபோனை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். எட்டிப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று நான் மீன் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லாவிலிருந்து அவருடைய மனைவி, "பெட்டியோடை வந்த கடதாசியை ஒருக்கா வாசியுங்கோவன்," என்று சத்தம் போட்ட பிறகுதான் மற்றப் பெயரைப் போட்டார். பச்சை வந்தது. பெட்டியை உள்சுவரில் ஒட்டச் சொன்னார்.

அன்று பின்னேரமே தொடங்கிவிட்டது.

"என்ன ஐசே, மைனஸ் பதினெட்டு இருக்கவேணும், மைனஸ் ஏழு காட்டுது. கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு வெயில் காயிறீரோ?"

"பூட்டித்தான் இருக்கு அண்ணை."

"அப்ப ஃபோன் பொய் சொல்லுதோ?"

அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதைதான். மீன் பெட்டிகளை ஓடி ஓடி எடுத்தேன். கதவின் றப்பரைத் துடைத்துத் துடைத்துப் பூட்டினேன். ஃபோனில் குளிர் ஏறவேயில்லை. அந்த வாரம் அக்கா, முதலாளியின் மனைவி, யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது: "எங்கடை பெடியன் ஒருத்தன் கிரவீனிலை சும்மா இருக்கிறான். மற்றக் கிழமை இஞ்சை வாறான்." அதன்பிறகு எனக்கு எல்லாம் ஒன்றாகப் பொருந்தியது. என்னை அனுப்புவதற்கென்றே வெள்ளைப் பெட்டியைப் பிழையாக மாட்டியிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனை, இங்கிலீசும் வராதவனை, இந்த வயதில் வேறு யார் எடுப்பார்கள்?

பெட்டி என்னதான் செய்கிறது என்று பார்க்க, ஒருநாள் காலையில் உள்ளே நின்றபடி கதவை இழுத்துப் பூட்டினேன். சற்று நேரத்தில் பச்சை போய்ச் சிவப்பு மினுக்கியது. கதவைத் திறந்து காத்திருந்தேன். பச்சை வந்தது. அறையின் தகரச் சுவருக்குள் வைஃபை அதற்கு எட்டவில்லை. நான் கதவைத் திறக்கும்போது மட்டும் அது பேசியது. பூட்டியதும், வெளிக்காற்றுப் பட்டபோது கடைசியாகச் சொன்னதே ஃபோனில் நின்றுவிட்டது.

இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவரோடு நான் நீளமாகக் கதைத்ததே இல்லை.

"அண்ணை, ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ."

அவர் வந்ததும் கதவை இழுத்தேன்.

"என்னத்துக்கு இப்ப பூட்டுறீர்?" அவருடைய கை கதவின் பிடியைத் தேடியது.

"பெட்டியைப் பாருங்கோ."

அவர் என்னைத்தான் பார்த்தார். சிவப்பு மினுக்கத் தொடங்கிய பிறகுதான் பெட்டியைப் பார்த்தார், பிறகு ஃபோனை. அதில் மைனஸ் எட்டு அப்படியே நின்றது. அவருக்குப் பல் அடிக்கத் தொடங்கியது.

"இது எட்டுக் குளிர் இல்லை ஐசே."

"கதவு பூட்டினால் அது கதைக்குதில்லை அண்ணை."

"அப்ப அந்த மீன் ஏன் இளகினது?"

"தெரியாது."

"நீர் திறந்து வைக்கேல்லை."

"இல்லை."

அதைக் கேள்வியாகக் கேட்டாரா, நம்பித்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், கைகளைத் தேய்த்தபடி கல்லாப் பக்கம் சொன்னார்:

"உம்மடை பெடியனை டெலிவரிக்குப் போடுவம். இதுக்குள்ளை இவரே நிக்கட்டும்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. பூட்டிய கதவுக்குள் வைத்து அவருக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.