மஞ்சள் பெயிண்ட் அடித்த கொக்கி

இரும்பு எப்படி உடைகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பொழுதுபோக்கும் ஏறக்குறைய அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு திருநின்றவூர் ஏரிக்குப் போவேன். மற்றவர்கள் பறவைகளைப் படம் எடுப்பார்கள், நான் காய்ந்த சேற்றின் வெடிப்புகளை எடுப்பேன். "முழுசா இருக்கற எதுவுமே உங்க கண்ணுக்குத் தெரியாதா?" என்பாள் மனைவி. கேலிதான், ஆனால் அதில் உண்மையும் இருந்தது.

என் அண்ணனுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் வேலை. கிரேன் கொக்கியில் சங்கிலி மாட்டிவிட்டு, சுமை எழும்போது கீழே நின்று கைகாட்ட வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பொறியியல் படிக்க வைத்தவர் அவர். அவருடைய கிரேனின் பழைய கொக்கியைச் சோதிக்க ஆலையில் அனுமதி வாங்கித் தந்ததும் அவர்தான்.

முதல் சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கொக்கியை இறக்கச் சொன்னேன். சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பூச்சைத் தெளித்தேன். இரும்பில் வெடிப்பு இருந்தால் அதற்குள் இறங்கிய சாயம் வெள்ளையில் கசிந்து காட்டிக்கொடுக்கும். கொக்கியின் கழுத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. விரிசல். அன்றே எழுதிக் கொடுத்திருந்தால் கொக்கியைக் கழற்றியிருப்பார்கள். நான் எழுதவில்லை. ஓடுகிற கிரேனில் விரிசல் வளர்வதை அளக்கும் வாய்ப்பு என்னைப் போன்றவனுக்கு ஆயுளில் ஒருமுறை கிடைத்தால் பெரிது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், தீபாவளி வரை தாங்கும் என்று வந்தது. கோட்டின் நுனியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

வாராவாரம் போய் அளந்தேன். நான்காவது வாரம் கோடு என் கணக்கைத் தாண்டி நீண்டிருந்தது. பயந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமும் பட்டேன். மறுநாள் அண்ணன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மீன் குழம்பு ஊற்றும்போது விஷயம் வாய்வரை வந்தது. இன்னும் ஒரே ஒரு அளவு எடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று விழுங்கிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் நான் போன நாள் ஆயுதபூஜை லீவு முடிந்த மறுநாள். ஆலையில் எல்லா மெஷினும் பளபளத்தன. கொக்கிக்குக் கெட்டியாக மஞ்சள் பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டிருந்தார்கள். புள்ளியையும் காணோம், கோட்டையும் காணோம்.

"நான்தான்டா அடிச்சேன், ரெண்டு கோட்டிங். தம்பி பாக்கற கொக்கியாச்சே!" என்றார் அண்ணன்.

லீவில் தேங்கிய வேலை. அன்று வழக்கத்தைவிடப் பெரிய சுமையை மாட்டினார்கள். அண்ணன் போய்க் கீழே நின்றார். பெயிண்டுக்கு அடியில் விரிசல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்கும் தெரியாது. சுமை தரையைவிட்டு எழுந்தது. "நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே ஓடி, அண்ணனின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

சுமையை மெல்ல இறக்கினார்கள். பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால் விரிசல் கழுத்தில் பாதியைச் சுற்றியிருந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று மேலாளர் கேட்டார். அண்ணனை வைத்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. முதல் நாளிலிருந்தே தெரியும் என்றேன்.

அண்ணன் கோபப்படவில்லை. கையுறையைக் கழற்றியபடி என்னைப் பார்த்தார்.

"போன மாசமே சத்தம் ஒரு மாதிரி வந்துச்சுடா. கூட இருக்கறவனுங்க கீழ நிக்க மாட்டேன்னானுங்க. என் தம்பி வாராவாரம் வந்து பாத்துக்கினு போறான், இன்னாத்துக்குப் பயம்னு நான்தான் அவனுங்களையும் நிக்க வச்சேன்."