பால் ஊற்றிய இறைச்சி

இந்த நாட்டில் இறைச்சிக்குப் பசுப்பால் ஊற்றுகிறார்கள். தேங்காய்ப்பால் அல்ல, நாம் தேநீருக்கு விடுகிற பால். பொலோஞ்ஞாவில் செர்ஜியோவின் வீட்டுக்கு வேலைக்கு வந்த முதல் வாரம் அவருடைய மகள் பவுலா அடுப்பின் முன்னால் நின்று அதைச் செய்து காட்டினாள். சட்டியில் கோழி வெந்துகொண்டிருக்க, அரைக் கோப்பைப் பாலை மெதுவாக ஊற்றிக் கிளறினாள். பால் திரைந்து, எல்லாவற்றையும் கொட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். திரையவில்லை. இறைச்சி அதைக் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் வெந்துகொண்டிருந்தது.

செர்ஜியோ எண்பதைக் கடந்தவர். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். இருதயம் பழுது. இந்த ஊர்க்காரர்களின் இறைச்சிக் குழம்புக்கு ராகூ என்று பெயர். உண்மையான ராகூவுக்கு மாட்டிறைச்சியும் பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும் வேண்டும். வைத்தியர் மூன்றையும் நிறுத்திவிட்டார். அதனால் பவுலா சொன்ன முறை இது. வெங்காயம், கேரட், செலரித் தண்டு மூன்றையும் அரிசிக் குறுணி அளவுக்குக் கொத்தி, கொஞ்சம் ஒலிவ் எண்ணெயில், நிறம் மாறாமல், மெல்லிய நெருப்பில் வதக்க வேண்டும். பிறகு தோல் நீக்கிக் கொத்திய கோழி நெஞ்சு. ஒரு வாய் வெள்ளை வைன். இரண்டே தக்காளி. கடைசியில் பாலும், சாதிக்காய்த் துருவல் ஒரு சிட்டிகையும். ஒரு மணி நேரம் அடுப்பில் கிடக்க வேண்டும், ஆனால் கொதிக்கக்கூடாது.

முதல் நாள் செர்ஜியோ ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு மகளிடம் நீளமாக ஏதோ சொன்னார். எனக்குப் பாஷை பிடிபடாத காலம். காரம் போதவில்லை என்கிறார் என்று நினைத்து, என் பையிலிருந்த மிளகாய்த்தூளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். பவுலா சிரித்துவிட்டு அதை எடுத்து ஒளித்துவைத்தாள். அது நோயாளியின் சாப்பாடு என்றுதான் அவர் முறைப்பட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டிருந்தார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கல்குடாவில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். பிறகு கட்டார், பிறகு துருக்கி, பிறகு கிரேக்கம். கிரேக்கத்தில் ஒலிவ் தோட்டத்துக் கொட்டிலில் ஆறு பேர் ஒரு பானையில் சமைத்துத் தின்றோம். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற ஐந்து பேரும் அவன் பங்கு வேலையையும் செய்தோம். எந்த இடத்திலும் இரண்டு வருடத்துக்கு மேல் என் கால் நின்றதில்லை. எனக்கு ஊர் என்று இருந்தது செட்டிபாளையத்தில் பாக்கியம் அக்காவின் வீடு மட்டும்தான். எனக்கு ஆறு வயதில் அம்மா செத்துப்போனா. அக்காவுக்கு அப்போது பதினான்கு. அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டது அக்காதான்.

போன வருடம் வைகாசியில், பதினொரு வருடத்துக்குப் பிறகு, ஊருக்குப் போனேன். அக்காவின் இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்திருந்தார்கள். கதிரையில் அவ இருந்தபோது, சேலையைத்தான் யாரோ மடித்து வைத்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். மிளகாய் ஒத்துக்கொள்ளவில்லை. தேங்காய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை. கஞ்சி மட்டும்தான், அதுவும் நாலு வாய். இறைச்சியோ முட்டையோ உள்ளே போனால்தான் உடம்பு தேறும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பசிக்கிறதா என்று கேட்டால், பசி என்றால் எப்படியிருக்கும் என்பதே மறந்துபோச்சு என்றா. எனக்கு இருந்தது எட்டு நாள் விடுமுறை. அதற்குள் அவ ஒரு வேளையாவது சாப்பாடு என்று சொல்லத்தக்க ஒன்றைச் சாப்பிடுவதைப் பார்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

செர்ஜியோவின் சாப்பாடு நினைவுக்கு வந்தது. காரமில்லை, கொழுப்பில்லை, மெல்லவே தேவையில்லை. பெட்டியில் தலியாத்தெல்லே என்கிற நாடா மாதிரியான பாஸ்டாவில் இரண்டு பைக்கற் கொண்டுபோயிருந்தேன். நான் ஊருக்கு வந்து மூன்று நாளாகியும் வீட்டில் பூசணியும் பருப்பும் கீரையும்தான். மீன்காரனின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் ஒருநாளும் கேட்கவில்லை. கடல் கொந்தளிப்போ என்று நினைத்தேன். கோயில் ஒலிபெருக்கி கேட்டது. எங்கள் பக்கத்தில் எந்த நாளும் ஏதோ ஒரு கோயிலில் ஒலிபெருக்கி கேட்கும். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு இல்லாமல் போய்விட்டது.

நாலாம் நாள் காலையில் பஸ் ஏறிப் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குப் போனேன். கோழிக்கடைக்காரர் என் வயதுக்கு மூத்தவர். தோலை நீக்கி நெஞ்சை மட்டும் பொடியாகக் கொத்தித் தரச் சொன்னேன். எங்கே இருந்து வாறன் என்று கேட்டார். செட்டிபாளையம் என்றேன்.

“வீட்டுக்கா தம்பி?”

“ஓம் காக்கா.”

கத்தியைத் துடைத்தார். கொஞ்ச நேரம் என் காற்சட்டையையும் சப்பாத்தையும் பார்த்தார்.

“உங்கட வீட்டுக்குத்தானா?”

வியாபாரிக்கு எதுக்கு இவ்வளவு விடுப்புக் கேள்வி என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஓம் என்றேன். அவர் கொத்தித் தந்தார்.

அக்காவின் மகள் சுலோ வீட்டில் இல்லை. கோயிலுக்குப் போயிருந்தாள். அக்கா அறைக்குள் படுத்திருந்தா. குசினியில் கறிச்சட்டிகள் ஒன்றையும் காணவில்லை. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வீட்டுக்குப் பின்னால் கோடிக் கொட்டிலில் வைத்திருந்தார்கள். சுவர்த் தட்டின் மேல் புது அலுமினியப் பானை ஒன்று, ஒட்டியிருந்த தாள்கூடக் கிழிபடாமல் இருந்தது. அதை இறக்கிக் கழுவி அடுப்பில் வைத்தேன். வைனுக்குப் பதிலாகத் தேசிக்காய் பிழிந்த புளி கொஞ்சம். மற்றதெல்லாம் பவுலா சொன்னபடி. பாலை ஊற்றிச் சாதிக்காயைத் துருவியபோது வாசம் எழும்பி வீடு முழுக்கப் பரவியது. பக்குவம் நன்றாக வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

சுலோ வாசலில் வந்து நின்றாள். நெற்றியில் திருநீறு, கையில் வேப்பிலைக் கொத்து. உள்ளே வரவில்லை.

“மாமா, அம்மாள் கோயில் கதவு திறந்திரிக்கி. உங்களுக்குத் தெரியாதா?”

எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலின் கதவு வருடத்தில் ஒரு தரம்தான் திறக்கும். வைகாசியில் திறந்தால், கடைசி நாள் அம்மாளைக் குளிரவைக்கிற குளிர்த்தி பாடிக் கதவு அடைக்கும்வரை ஊரில் ஒரு வீட்டிலும் மீனோ இறைச்சியோ, மச்சம் ஒன்றும் சமைக்க மாட்டார்கள். மீன் விற்கிறவன் வரமாட்டான். மச்சச் சட்டிகள் கொட்டிலுக்குப் போய்விடும். இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய ஆள் ஊரில் இல்லை. காத்தான்குடிக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அந்த வீட்டில் வளர்ந்த எனக்குத் தெரியவில்லை.

சுலோவின் கண் பானையில் நின்றது. தாய்க்குச் சுகம் வேண்டி, குளிர்த்தியன்று கோயில் முற்றத்தில் பொங்குவதற்காக அவள் வாங்கி வைத்திருந்த நேர்த்திப் பானை அது. அவள் அழத் தொடங்கினாள். சத்தமில்லாத அழுகை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அறைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

“அவன ஏசாதகா. போனவன் பதினொரு வருஷம் கழிச்சி வந்திரிக்கான். அவனுக்கு என்ன தெரியும்? பானை வேற வாங்கலாம்.”

நான் உள்ளே போனேன். அக்கா எழும்பி இருந்தா. இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றியிருந்தா.

“மணம் நல்லா இரிக்கி மனே,” என்றா. பிறகு, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல, “எனக்குப் பசிக்கிது” என்றா.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த பசி. சுலோவுக்கும் அது கேட்டது, வாசலில் அவளுடைய அழுகை நின்றுவிட்டது. நான் கட்டிலருகே குந்தி, ஒரு கரண்டி மட்டும் சாப்பிடச் சொல்லிக் கேட்டேன். நோயாளியை அம்மாள் ஒன்றும் செய்ய மாட்டா என்றேன். சிறு வயதில் அவவிடம் எதையாவது கேட்டுப் பிடிவாதம் பிடித்த குரலிலேயே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

“அவ ஒண்டும் செய்ய மாட்டா தம்பி. எனக்குத்தான் திங்க ஒண்ணாது.”

அதோடு படுத்துக்கொண்டா. கொஞ்சம் கழித்து, அதைக் கொட்டிவிடாமல் காத்தான்குடிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னா. இறைச்சி அவர்களுடைய கடையில் வாங்கியதுதானே, அவர்கள் தின்னலாம் என்றா. நான் பானையைத் துணியால் கட்டித் தூக்கிக்கொண்டு போனபோது, சுலோ மஞ்சள் தண்ணீர் தெளித்துக் குசினியைக் கழுவத் தொடங்கியிருந்தாள்.

கடைக்காரர் என்னையும் பானையையும் கண்டதும் தலையை ஆட்டினார்.

“நான் ரெண்டு தரம் கேட்டன்தானே தம்பி, வீட்டுக்கான்னு.”

விஷயத்தைச் சொன்னேன். மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார். நல்லாத்தான் இருக்கு, ஆனால் இது வருத்தக்காரன் சாப்பாடு என்றார். வருத்தக்காரிக்குத்தான் என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை.

குளிர்த்திக்கு இரண்டு நாள் முன்னதாக என் விடுமுறை முடிந்தது. தள்ளிப்போட முடியாது. செர்ஜியோவைக் குளிப்பாட்ட வேறு ஆள் இல்லை. விமானத்துக்குப் புறப்படும்வரை அக்கா கஞ்சிதான் குடித்தா. அந்தப் பசி திரும்பி வந்ததா என்று நான் கேட்கவில்லை.

கோயில் கதவு அடைத்த பிறகு, நான் தொலைபேசியில் சொல்லச் சொல்லச் சுலோ சமைத்தாள். செலரி கிடைக்கவில்லை, கீரைத்தண்டு போட்டாள். பாஸ்டாவை உடைத்துக் குழைய விட்டாள். அக்கா நாலு கரண்டி சாப்பிட்டதாகச் சொன்னாள். அக்காவும் தொலைபேசியை வாங்கி, நல்லாயிருக்கு, ஆனால் அன்றைக்கு வந்த மணம் இதில் இல்லை என்றா. இன்னொரு தரம் வந்து செய்து தாறன் என்றேன். ஆவணியில் அவ போய்விட்டா. ஒரு கடையின் வாகனத் தரிப்பிடத்தில் நின்று, செர்ஜியோவின் மருந்துப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செத்தவீட்டைத் தொலைபேசியில் பார்த்தேன். வெயில் திரையில் விழுந்து பாதி தெரியவில்லை.

இந்த வைகாசியில் சுலோ ஒரு வரி அனுப்பினாள்: “மாமா, இண்டைக்குக் கதவு திறந்தாச்சி.” அன்றைக்கு வெள்ளிக்கிழமை, செர்ஜியோவுக்கு ராகூ சமைக்கிற நாள். நான் சமைத்தேன். அது என் வேலை. வதக்கினேன், கொத்திய கோழியைப் போட்டேன், பாலை ஊற்றினேன். ருசி பார்க்கக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனபோது கை நின்றுவிட்டது. எனக்கு அம்மாளில் பெரிய பக்தி கிடையாது. இங்கே என்னைக் கேட்பாரும் இல்லை. ஆனாலும் முடியவில்லை.

செர்ஜியோவின் சக்கர நாற்காலியை அடுப்பருகே தள்ளிக்கொண்டு வந்து, கரண்டியை ஊதி அவரிடம் நீட்டினேன். நீ ருசி பார்க்கவில்லையா என்று கேட்டார். எங்கள் ஊரில் இந்த நாட்களில் இறைச்சி தின்பதில்லை என்றேன். இங்கேதானே நிற்கிறாய் என்றார் அவர். அவர் வாயைத் திறந்தார். கரண்டியை வைத்துவிட்டு, உப்புக் கூடவா குறைவா என்று அறிய, மெல்லுகிற அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.