கட்டுக்காரர் மெஷின் வாங்கிய கதை

கட்டுக்காரருக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அந்த வாரம் அது இறங்கவே இல்லை.

பெயர்க்காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பதினாறு வருடமாக அவரும் அவருடைய அக்காவும் தோட்டங்களைப் பராமரிக்கும் தொழில் செய்கிறார்கள். அக்கா மினி லாரி ஓட்டுவாள், செடி நடுவாள், வாடிக்கையாளர்களிடம் பேசுவாள். தம்பியைப் பேசவிட்டால் வாடிக்கையாளர் மிஞ்சமாட்டார். தம்பியின் வேலை வெட்டுவதும் கட்டுவதும். செடிவேலியை நறுக்கிய கிளைகளைக் கை நீளத்துக்கு அடுக்கி, பச்சை நைலான் கயிற்றால் இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை இலைக்குள் செருகிவிடுவார். கயிறு இருப்பதே வெளியில் தெரியாது. லாரி எவ்வளவு குலுங்கினாலும் தெருவில் ஓர் இலை விழாது. குப்பைக் கிடங்குக்குப் போய்ச் சேரும்வரை கட்டைப் பிரிக்கக் கூடாது. பிரிக்கிறவன் வேலை தெரியாதவன் என்பது அவர் கட்சி.

அந்தக் கிடங்கை ஒரு நாள் இழுத்து மூடிவிட்டார்கள். எரிக்கவும் தடை. அவர்களுடைய பிழைப்பில் பாதி, நாற்பது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பின் தோட்டம். அதன் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற ஆள்.

"வெட்டினதை இங்கேயே அரைச்சு, செடிக்கடியில பரப்பிடணும். திங்கட்கிழமை காலையில வந்து பார்ப்பேன். சுவரோரம் குப்பை கிடந்துச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அப்படித்தான் கிளை அரைக்கிற மெஷின் தேடும் படலம் தொடங்கியது. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. முடி வெட்டுகிறவர் பெட்ரோல் மெஷின்தான் வாங்க வேண்டும் என்றார். எதிர்வீட்டுக்காரர் மின்சாரம் என்றார். மச்சினன் போனில் கூப்பிட்டு, மூன்று அங்குலக் கிளையாவது உள்ளே போகணும் என்றான்.

"நான் என்ன காட்டையா அழிக்கறேன்? வேலி நறுக்கறேன்டா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார் கட்டுக்காரர்.

வியாழக்கிழமை முதல் கடை. இரண்டு சக்கரம் வைத்த பெட்ரோல் மெஷின், அகலமான வாய், வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இருக்கும் சந்தில் தள்ளிக்கொண்டு போகலாம். கடைக்காரர் காய்ந்த குச்சி ஒன்றைப் போட்டார். தூளாக வந்தது.

"காஞ்ச குச்சியை நான் பல்லாலயே கடிச்சிடுவேன். நம்ம சரக்கைப் போட்டுப் பார்க்கணும்" என்றார் கட்டுக்காரர்.

தூசு படாமல் கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து வரக் கடைக்காரர் உள்ளே போனார். அவர் திரும்புவதற்குள் லாரியிலிருந்து இறங்கிய கட்டு ஒன்று மெஷினுக்குள் போய்விட்டது. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவது கட்டு போனதும் மெஷின் உறுமியது, இருமியது, நின்றுவிட்டது.

"இது மெஷினா, தகர டப்பாவா?" கடையில் இருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருங்கண்ணே, மூடியைத் திறந்து என்னன்னு பார்க்கறேன்."

"திறந்து பார்த்தா மட்டும் அதுக்கு ரோஷம் வந்துடுமா?"

"டேய், ஒரு நிமிஷம் நில்லுடா..." என்றாள் அக்கா.

"நீ வண்டியை எடுக்கா!"

வெள்ளிக்கிழமை இரண்டாவது கடையிலும் இதே கூத்து. அங்கே இரண்டாவது கட்டிலேயே நின்றது. கட்டுக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வெளியே வந்தார். உலகத்தில் ஒழுங்காக மெஷின் செய்கிற ஒருத்தன்கூட இல்லையா என்று வழி நெடுகப் புலம்பினார். உள்ளுக்குள் பயமாக இருந்தது. பாதி வேலை போய்விட்டால் லாரியை வைத்துக்கொள்ள முடியாது. லாரி இல்லாவிட்டால் மீதிப் பாதியும் இல்லை. பயம் வந்தால் அவருக்குக் கத்தத்தான் தெரியும்.

சனிக்கிழமை மூன்றாவது கடை. மின்சார மெஷின். முதல் கட்டிலேயே கருகிய வாடை அடித்தது. கட்டுக்காரர் மூச்சை இழுத்து ஆரம்பிப்பதற்குள், அக்கா லாரிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"மூடியைத் திறந்து பார்த்துட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். நீ வேணா நடந்து போ."

மெக்கானிக் நான்கு திருகுகளைக் கழற்றினார். உள்ளே கிளையும் இலையும் மாவாகியிருந்தன. மெஷினின் சுழல்தண்டைப் பச்சைக் கயிறு வரிந்து சுற்றியிருந்தது. குறடால் பிடித்து இழுத்து எடுத்தார். கயிறு பல இடங்களில் பிய்ந்து நைந்திருந்தது. இரட்டை முடிச்சு மட்டும் போட்டது போட்டபடி இருந்தது.

"யாருங்க இந்த முடிச்சைப் போட்டது? பிளேடே தோத்துப்போச்சு" என்றார் மெக்கானிக், நிஜமான மரியாதையோடு.

கட்டுக்காரர் அந்த முடிச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. மூன்று நாள் கத்தியதெல்லாம் வீண் என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

"முதல் கடை மெஷின்தான்டா நமக்கு. இதுக்குத் தோட்டத்துல எங்க பிளக்கைத் தேடறது?" என்றாள் அக்கா.

"அங்க நான் வரமாட்டேன். அந்த ஆளை அவ்வளவு பேசிட்டு, எந்த முகத்தோட போறது? என் மானம் என்னாகறது?"

"அப்ப திங்கட்கிழமை செயலாளருக்கு உன் மானத்தை அரைச்சுக் காட்டு."

போனார்கள். முதல் கடைக்காரர் அவர்களைப் பார்த்ததும் எழுந்தார். மேசை இழுப்பறையைத் திறந்து, முடிச்சோடு ஒரு பச்சைக் கயிற்றை எடுத்து வைத்தார்.

"அன்னிக்கே எடுத்துட்டேண்ணே. கூப்பிட்டுச் சொல்லலாம்னா நம்பர் இல்லை. அக்கா எழுதிக் கொடுக்க வந்தாங்க, நீங்கதான் அதுக்குள்ள ஹாரனை அடிச்சுக் கூப்பிட்டீங்க."

"தப்பு என்னுதுதாங்க" என்றார் கட்டுக்காரர். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து அக்கா கேட்டதில்லை. லாரியில் மீதமிருந்த கட்டுகளை இறக்கி, கடைப்படியில் உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினார். முடிச்சு அசையவில்லை. நகம் பிய்ந்தது. "எந்த மடையன்டா இப்படி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கத்தரிக்கோலை நீட்டினார். பிரித்த கிளைகளை மெஷின் ஓர் இருமல்கூட இல்லாமல் அரைத்துத் தள்ளியது. அன்று மாலையே அதை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை செயலாளர் வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், மதிலோரம் பார்த்தார், செடிக்கடியில் பரப்பியிருந்த தூளைச் செருப்பு நுனியால் கிளறிப் பார்த்தார்.

"சரி, தொடர்ந்து செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசி வேலிதான் பாக்கி. கட்டுக்காரர் அதையும் நறுக்கி, கிளைகளைக் கை நீளத்துக்கு அடுக்கினார். அவர் கை தன்னால் இடுப்புப் பைக்குள் போய்க் கயிற்று உருண்டையை எடுத்தது. நிமிர்ந்தால், எதிரே அக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். உருண்டையை அவளிடம் கொடுத்துவிட்டு, கட்டாத கிளைகளை நெஞ்சோடு அள்ளிக்கொண்டு அவர் மெஷினை நோக்கி நடந்தார். வழியெல்லாம் இலை சிதறிக்கொண்டே போனது.