மீட்டருக்குத் தெரியாத பாரம்

வேங்கிக்காலில் போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் பட்டறையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தேன். என்னை அதிகம் பயமுறுத்திய வேலை மோட்டார் அல்ல, ஒரு சைக்கிள்.

கடலோர ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு டாக்டரம்மா வரைபடத்தோடு வந்தார். கடலாழத்தில் டைவர்களால் எவ்வளவு உழைக்க முடியும் என்று அளக்க, தண்ணீருக்குள் மிதிக்கும் சைக்கிள் வேண்டுமாம். ஒரே பீஸ் என்பதால் பெரிய கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. சக்கரம் கிடையாது. பெடல், அதோடு சுழலும் ஷாஃப்ட், அது போய்ச் சேரும் மூடிய பெட்டிக்குள் ஒரு பிரேக். பிரேக்கில் விழும் லோடை மீட்டர் காட்டும். செய்து கொடுத்தேன்.

சோதனைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். லாரி உயரத்துக்கு ஓர் இரும்பு அறை, பாதி தண்ணீர். மேலே காற்றை அடைத்து அழுத்தம் ஏற்றினால், உள்ளே இருப்பவர் இருந்த இடத்திலேயே முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போய்விடுகிறார்! கண்ணாடி வழியே பார்த்தேன். முகமூடி மாட்டிய டைவர் சேகர் தண்ணீருக்குள் என் பெடலை மிதித்துக்கொண்டிருந்தார். அவருடைய நாடித்துடிப்பு வெளியே திரையில் ஓடியது. கார்த்திகை தீபத்தன்று எங்கள் ஊர் மலையைப் பார்ப்பதுபோல் கண்ணெடுக்காமல் பார்த்தேன்.

மீட்டர் நூறு வாட் காட்டியது. அது அவருக்குச் சாதாரணம். துடிப்போ நூற்றெழுபதைத் தாண்டியது.

“காலு ரொம்ப கனமா இருக்கு மேடம்,” ஸ்பீக்கரில் சேகரின் குரல் மூச்சிரைத்தது.

“மீட்டர் கம்மியாத்தான காட்டுது? இன்னும் கொஞ்சம் லோடு ஏத்தலாம்,” என்றார் திரையருகே இருந்த ஆபரேட்டர்.

அப்போதுதான் உறைத்தது. பெட்டிக்குள் சாதாரண அழுத்தத்தில் வெறும் காற்று. வெளி அழுத்தம், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை ஷாஃப்டோடு நெருக்குகிறது. சேகரின் கால் பலம் பிரேக்குக்கு வரும் முன்பே அந்த இறுக்கம் அதைத் தின்றுவிடுகிறது. மீட்டருக்கு அது தெரியாது.

“ஏத்தாதீங்க! நிறுத்தச் சொல்லுங்கம்மா!” என்று கத்தினேன்.

டாக்டரம்மா உடனே மைக்கைப் பிடித்தார். “சேகர், மிதிக்காதீங்க. மெதுவா மூச்சு விடுங்க.” துடிப்பு இறங்கியதும் என் பக்கம் திரும்பினார். “ஆழத்துல காத்து கெட்டியாயிடும். ஜாஸ்தி வேல செஞ்சா கெட்ட காத்து முழுசா வெளிய போவாது. லோடு ஏத்தியிருந்தா உள்ளயே மயங்கியிருப்பாரு.”

சேகர் வெளியே வந்ததும், “தப்பு என்னோடதுங்க,” என்றேன்.

“சரி பண்ணிக் குடுங்கண்ணே, மறுபடியும் மிதிக்கிறேன்,” என்றார். அந்த நம்பிக்கைதான் என்னை உலுக்கியது.

கீழ்பென்னாத்தூர் விவசாயிகளின் மோட்டார்களுக்குள் தண்ணீரை நிரப்பி, அடியில் வளைந்துகொடுக்கும் ரப்பர் சவ்வு, அதாவது டயஃப்ரம், வைப்போம். எவ்வளவு ஆழத்தில் இறக்கினாலும் உள்ளும் வெளியும் அழுத்தம் ஒன்றாகிவிடும். கை பழகிய அந்த வேலை சைக்கிள் செய்தபோது எனக்குத் தோன்றவில்லை. இந்த முறை பெட்டியில் காற்றுக்குப் பதில் சிலிக்கோன் ஆயிலை நிரப்பி, டயஃப்ரம் வைத்து, மீட்டரைப் புதிதாகச் சரிபார்த்துக் கொண்டுபோனேன்.

அதே ஆழம், அதே நூறு வாட். துடிப்பு நூற்றிருபதில் நின்றது. “இப்பதாண்ணே வெளிய மிதிக்கிற மாதிரி இருக்கு,” என்றார் சேகர்.

தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். மீட்டர் ஒன்று சொல்லி, மிதிப்பவர் வேறு சொன்னால், முதலில் மிதிப்பவரை நம்புங்கள். மீட்டரைப் பிறகு கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.