நடுவில் குவிந்த தூசி

அந்த ஆய்வுக்கூடத்தில் தரை பெருக்கி, கண்ணாடித் தட்டுகளைக் கழுவுகிறவளை எல்லோரும் கண்ணாடிக்கா என்றே கூப்பிட்டார்கள். ஆறாவதோடு படிப்பை விட்டவள். பதினொரு வருடமாக இதே வேலை. எந்தத் தட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் பார்க்காமல் கிருமி கொல்லும் பிளீச்சில் போடமாட்டாள். "கழுவுறதுக்கு எதுக்குடி ஆராய்ச்சி?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அந்தப் பழக்கம் போன மாதம் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. அழகாக இருக்கிறதே என்று அவள் எடுத்துவைத்த ஒரு தட்டிலிருந்து பூஞ்சை அலமாரி முழுக்கப் பரவிவிட்டது. இன்னொரு தடவை நடந்தால் வேலை கிடையாது என்று ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லிவிட்டார்.

இன்று ஆராய்ச்சிப் பெண் ஐந்து தட்டுகளை நீட்டினாள். தவளையின் உயிரணுக்களைச் சேர்த்துச் செய்த, மணல் துகள் அளவு உருண்டைகள் அவற்றில் இருந்தன. மூளை கிடையாது, ஆனால் நீந்தும், உயிருள்ள இயந்திரங்கள். சுற்றிலும் மாவு தூவினாற்போல் உதிரி அணுக்கள்.

"எல்லாம் செத்துப்போச்சுக்கா. ஊத்திடுங்க."

நான்கு தட்டுகள் போயின. ஐந்தாவதை வெளிச்சத்தில் பிடித்தவளுக்குக் கை நின்றுவிட்டது. தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தலைவர் அறைக்கு நடந்தாள்.

"மறுபடியுமா?" என்றார் அவர்.

"ஐயா, தானா சேர்ற தூசி ஓரத்துலதான் ஒதுங்கும். மத்த நாலுலயும் அப்படித்தான் இருந்துச்சு. இதுல நடுவுல குவிஞ்சிருக்கு. யாரோ பெருக்கியிருக்காங்க."

பின்னாலேயே வந்த ஆராய்ச்சிப் பெண் சிரித்தாள். தலைவர் சிரிக்கவில்லை. நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"குவியல் சுத்துதும்மா. தனியா நீந்துது."

"குட்டி போட்டிருக்கா, ஐயா?"

"அப்படித்தான் சொல்லணும். அந்த உருண்டைங்க கூட்டிக் குவிச்ச அணுவெல்லாம் அதுங்க பிள்ளைங்களாயிடுச்சு."

ஆராய்ச்சிப் பெண்ணுக்குப் பேச்சு முட்டிமோதிக்கொண்டு வந்தது. நாளைக்கு ரத்தக் குழாய் அடைப்பைக்கூட இதுங்க பெருக்கும், தண்ணீரில் கலந்த விஷத்தை அள்ளும் என்றாள்.

"பெருகிட்டே போனா யாரு நிறுத்துறது?"

"தானா செத்துடும்க்கா."

"கொஞ்சம் முன்னாடியும் செத்துப்போச்சுன்னுதான் சொன்னீங்க."

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "இனிமே இவங்க பாக்காம ஒரு தட்டும் பிளீச்சுக்குப் போகக்கூடாது" என்று சொல்லி, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஓரத்தைப் பெருக்காம அப்படியே விட்டுடுச்சுங்க" என்றாள். "புது ஆளுங்கதானே, பழகிடும்."