சீக்குத் தொட்டி

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்புறம் ஒரு சிமென்ட் தொட்டி இருந்தது. மாடு தண்ணீர் குடிக்கக் கட்டியது. எங்களிடம் மாடு இல்லை. அதில் அப்பா ஆகாயத்தாமரையை வளர்த்தார். குளங்களை அடைத்துக்கொண்ட அந்தச் செடியை ஊரே திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த காலம் அது. கோயமுத்தூரில் பயிர் நோய்களைப் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தவர் அதை வீட்டில் வைத்து வளர்த்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? நல்ல செடியாக வளர்த்தாலாவது பரவாயில்லை. இலையெல்லாம் பழுப்புப் புள்ளி விழுந்து, ஓரம் கருகி, பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கும். அம்மா அதற்குச் சீக்குத் தொட்டி என்று பேர் வைத்தாள். நாங்கள் எல்லோரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

அந்தச் சீக்கு கிடைத்தது உடுமலைப்பேட்டைப் பக்கம் என் பெரிய மாமா ஊரில், ஒரு காதுகுத்து விருந்தன்று. சாப்பிட்டுக் கை கழுவக் குளத்துப் பக்கம் போன அப்பா திரும்பவில்லை. தேடிக்கொண்டு போனால், பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். குளம் முழுக்கப் பச்சைப் பசேலென்று ஆகாயத்தாமரை. ஒரு மூலையில் மட்டும் செடிகள் நோய் கண்டு சாய்ந்திருந்தன. "மாப்ளெக்கு விருந்தைவிட சீக்குதான் ருசிக்குதாட்ட இருக்குது" என்று மாமா கரையில் நின்று சிரித்தார். அப்பா காதிலேயே வாங்கவில்லை. அந்த இலைகளில் இருந்த பூஞ்சணத்தை லேபில் வளர்த்து, நீரில் கரைத்து, நல்ல ஆகாயத்தாமரையின் மேல் தெளித்தார். அதுவும் கருகியது. அன்று அப்பா இரண்டு கிளாஸ் காபி குடித்துவிட்டு முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தார்.

களையைக் கொல்லும் நோய் பயிரைத் தொடக்கூடாது. அதுதான் அவருடைய கவலை முழுவதும். தொட்டியைச் சுற்றி மண்ணெண்ணெய் டின்களில் பருத்தி, கத்தரி, மஞ்சள், வாழைக்கன்று எல்லாம் நட்டு, அவற்றின் மேலும் அதே தண்ணீரைத் தெளித்தார். பல் விளக்குமுன் லென்ஸோடு போய் இலை இலையாகப் புரட்டிப் பார்ப்பார். ஆபீஸுக்குக் கிளம்பி கேட்வரை போனவர் திரும்பி வந்து இன்னொரு முறை பார்ப்பார். அந்த வீட்டில் ஒருவரும் நிம்மதியாக உட்கார்ந்த ஞாபகம் எனக்கில்லை.

மாமாவுக்கோ பொறுமை போய்க்கொண்டிருந்தது. மதகை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதில் அவர் வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாயவில்லை. ஆள் விட்டு வாரினால் மறுபடி மண்டிவிடும். தேங்காய்ப் பையோடு பஸ் ஏறி வந்துவிடுவார்.

"ஏனுங் மாப்ளெ, சீக்கு இன்னும் முத்துலீங்ளா?"

"இருங்க மச்சான். அந்தக் குளத்துத் தண்ணிதானுங்க உங்க வாழைக்கும் பாயுது. வாழையப் புடிச்சுதுன்னா என்ன பண்றது?"

"தண்ணியில்லாட்டியும் வாழை போச்சு, சீக்கு வந்தாலும் போச்சு. ஏதாச்சும் ஒண்ணு சொல்லிப்போடுங்க."

அப்பா எழுந்து போய் டின்களை இன்னொரு முறை பார்த்துவிட்டு, சீக்குச் செடிகளை ஏற்றிப்போக வெள்ளிக்கிழமை வண்டி கொண்டு வரச் சொன்னார்.

அதற்கு முன்பே வாழைக்கன்றின் இலையில் புள்ளி விழுந்துவிட்டது. அப்பா முகம் செத்துப்போயிற்று. இலையை வெட்டி எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் லேபுக்கு ஓடினார். அம்மா அந்தக் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் பி.யூ.சி. வகுப்பு முடிந்து வந்தபோது தொட்டி முழுவதும் நீலம். திராட்சைக்கும் வெற்றிலைக்கும் நோய் வந்தால் அடிக்கும் மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கலக்கி, அப்பா வைத்திருந்ததையெல்லாம் ஊற்றிவிட்டிருந்தாள்.

"அண்ணன் தோட்டத்துக்கு இந்தக் கருமம் போகக்கூடாது. நானே ஊத்திப்போட்டேன்" என்றாள்.

அப்பா வந்து தொட்டியருகில் நின்றார். நீலத் தண்ணீரில் கிடந்த ஓர் இலையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். மறுநாள் என்னை லேபுக்குக் கூட்டிப்போனார். மைக்ராஸ்கோப்பில் முதலில் ஆகாயத்தாமரைப் பூஞ்சணத்தின் வித்து ஒன்றைக் காட்டினார். குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட உருட்டுக்கட்டை மாதிரி இருந்தது. அடுத்தது வாழை இலையில் இருந்த வித்து. ஊசி நூல்போல மெல்லியது, நீளமானது. ரெண்டும் வேறு வேறு என்று எனக்கே தெரிந்தது.

"இது வாழைக்கு எப்பவும் வர்ற இலைப்புள்ளி கண்ணு. நம்முது வாழையத் தொடவே இல்லை" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் எவ்வளவு சந்தோஷம்!

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா எழுந்து வந்தாள். இரவெல்லாம் தூங்காத முகம். "ஏனுங்க, வாழைக்கு வந்தது அந்தச் சீக்குத்தானுங்களே? நான் செஞ்சது சரிதானுங்களே?"

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அதேதான்" என்றார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் என் தோளில் கை வைத்து உள்ளே தள்ளினார்.

வாழையைப் பிடிக்கும் என்று சொல்லிவிட்ட பிறகு எந்த முகத்தோடு அந்த வேலையைத் தொடர்வது? லேபில் மிச்சமிருந்த கண்ணாடிக் குழாய்களைக் கொதிநீரில் போட்டார். பருத்தி நோய் வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். வண்டியோடு வந்த மாமாவிடமும் சீக்கு வாழையைப் பிடிக்கிறது என்றே சொன்னார். அந்த வருஷம் மாமா கடன்பட்டு ஆள் விட்டுக் குளத்தை வாரியும் பாதி வாழைதான் தேறியது. எனக்கு அப்பாமேல் இருந்த கோபம் லேசுப்பட்டதல்ல. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒருநாள், ஏன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டே விட்டேன். "நோவு கண்ட செடிக்கு மருந்து ஊத்துனா உங்கம்மா. அதப்போய் தப்புன்னு எப்படிச் சொல்றது?" என்றார். அந்தப் பதில் இன்றுவரை எனக்குப் போதவில்லை. மாமா ஊர்க் குளம் இப்போதும் பச்சையாக மண்டித்தான் கிடக்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் குளம் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.

சொந்தக்காரர்கள் கூடினால் போதும், அம்மா ஆரம்பித்துவிடுவாள்: "அன்னிக்கு மட்டும் நான் ஊத்தாம உட்டிருந்தா எங்கண்ணன் தோட்டமே போயிருக்குமுங்க." அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டுவார். அப்போது மட்டும் என் பக்கம் திரும்பவே மாட்டார்.